நகல்நாயகம்

கோமதிநாயகத்தின் நெஞ்சைத் திறந்து மூடிய ஒன்பதாம் நாள், அவர் இரண்டு பேராக வீடு திரும்பினார்.

ஒருவர் காரின் பின்சீட்டில், ஒரு குட்டித் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். இருமல் வந்தால் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும், அறுத்துக் கம்பி போட்டுக் கட்டிய எலும்பு சேர மூன்று மாதம் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்னொருவர் முன்சீட்டில், மனைவி வடிவின் மடியில், ஒரு டேப்பின் தொடுதிரைக்குள் இருந்தார். இரண்டு பேரில் டேப்பில் இருந்தவர்தான் தெளிவாக இருந்தார். முகச்சவரம் செய்திருந்தார்.

விளக்கமெல்லாம் மருத்துவமனையிலேயே முடிந்திருந்தது. பெனிட்டா என்ற பெண், 'குணமாதல் ஒருங்கிணைப்பாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, இது சாரோட நகல். சார் நெஞ்சுல ஒரு வில்லை ஒட்டியிருக்கோம் பாருங்க. துடிப்பு, நடை, தூக்கம், வேர்வை எல்லாம் அதுலருந்து டேப்புக்கு வந்துரும். உள்ள இருக்க சார் அதை வச்சு, வெளிய இருக்க சாருக்கு எப்படி இருக்குன்னு அவர் குரல்லயே தினம் மூணு வேளை சொல்லுவார். அதைக் கேட்டுத்தான் டாக்டர் மாத்திரை எழுதுவார்."

"ஏன், இவுகளே சொல்ல மாட்டாகளா?" என்றாள் வடிவு.

"பேஷன்ட் பொய் சொல்லுவாங்கம்மா. நகல் சொல்லாது."

கோமதிநாயகத்துக்கு இது மிகவும் பிடித்துப்போனது. மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவர் அவர். கொக்கி போட்டவர், சீல் உடைத்தவர், மீட்டருக்குள் காந்தம் வைத்தவர் என்று திருநெல்வேலி வட்டாரத்தில் அவர் பிடிக்காத ஆள் இல்லை. "மீட்டர் பொய் சொல்லாது, வீட்டுக்காரன்தான் சொல்லுவான்" என்பதை உத்தியோகக் காலத்தில் சோதனைக்குப் போன வீடுகளில் சொன்னார். ஓய்வுபெற்ற பிறகு கல்யாண வீடுகளில் சொன்னார்.

நகலுக்குக் குரலும் குணமும் வர வேண்டும் என்று, அறுவைக்கு முன்னால் அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தார்கள். உடம்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் அவர் பேசுவது புதிதல்ல. எதிரில் உட்கார்ந்து ஒருத்தர் குறிப்பெடுப்பதுதான் புதிது. கால் பெருவிரலில் ஆரம்பித்தார். நான்கு மணி நேரத்தில் இடுப்பு வரைக்கும்தான் வந்திருந்தார். "போதும் சார், குணம் நல்லா பிடிபட்டுருச்சு" என்று பெனிட்டா பதிவை நிறுத்தினாள்.

பாளையங்கோட்டை மகாராஜநகர் வீட்டில் குணமாதல் தொடங்கியது. அதில் கோமதிநாயகத்தின் பங்கு, நாற்காலியில் இருப்பது. மற்றதெல்லாம் வடிவின் பங்கு. கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது என்பதால் அவள் முதுகில் கை கொடுத்து எழுப்பினாள். தொடையிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த காலுக்கு இறுக்கமான காலுறையைக் காலையில் மாட்டி, மாலையில் உருவினாள். ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினாள். அவருக்கு உப்பில்லாமல் ஒரு சமையல், பார்க்க வருகிறவர்களுக்கு உப்போடு ஒரு சமையல் செய்தாள். மூன்று பந்து உள்ள கருவியை வாயில் வைத்து மூச்சை இழுக்கச் சொல்லி எதிரே நின்று எண்ணினாள். அவர் ஒரு பந்தை அசைத்துவிட்டு, "ஏட்டி, போதும்" என்பார்.

எல்லாம் சரியாகத்தான் போனது, நடையைத் தவிர.

தினமும் மூன்று வேளை, வீட்டிலிருந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். முதல் நாள் பாதி வழியில் நெஞ்சுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தவர்தான். மறுநாள் வெயில் என்றார். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு நாய் என்றார். பிறகு ஒரு நாள் செவ்வாய்க்கிழமை என்றார். சரியாகப் பூட்டாத பெட்டி மாதிரி நெஞ்சு நடுவழியில் திறந்துகொள்ளும் என்று அவருக்குப் பயம். கம்பத்தில் ஏறிக் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் பீடி குடித்த மனுஷன், இதை யாரிடமும் சொல்லவில்லை.

டேப் சொல்லிவிட்டது.

அன்றைக்கு வடிவின் அண்ணன் புன்னைவனம் வந்திருந்தார். ஆரஞ்சு ஒரு கையிலும், இதய அறுவைக்குப் பிறகு செத்துப்போனவர்கள் பட்டியல் நினைவிலுமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவர். வீரவநல்லூரில் ஒருத்தர் மூன்றாம் வாரம் தும்மியதும் போய்விட்டார் என்ற இடத்தில் அவர் இருந்தபோது, மதிய அறிக்கைக்கான நேரம் வந்தது. டேப் தொண்டையைச் செருமிக்கொண்டு கோமதிநாயகத்தின் குரலில் பேசியது.

"நடக்கப் பயமா இருக்கு. நெஞ்சு பொளந்துக்கிடுமோன்னு இருக்கு. வெயிலு, நாயின்னு சாக்குச் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

புன்னைவனம் ஆரஞ்சை உரிப்பதை நிறுத்தினார். "யாரு மாப்ள இது, நீங்களா?"

"அது மெஷின் மச்சான். சும்மா எதாவது உளறும்."

"உங்களவிட நல்லா பேசுதே. நகல்நாயகம்னு வைக்கலாம் பேரு." அவர் நாற்காலியை டேப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க மாப்ள, வேற என்னெல்லாம் பயமா இருக்கு?"

மாலையில் பெனிட்டா அழைத்தாள். "சார், நடை இல்ல. ஏழு நாளா நகல் சிவப்புல நிக்குது. பத்து நாள் ஆச்சுன்னா மறுபடி அட்மிஷன் போடணும். அது ரூல்."

மறுபடி அந்தக் கட்டில், அந்தக் குழாய், அந்தப் பச்சைத் துணி. கோமதிநாயகம் அன்றிரவு நன்றாகத் தூங்கினார், அதற்கும் மாத்திரை இருந்ததால். காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்று, முப்பத்துநாலு வருஷம் எதைப் பிடித்தாரோ அதைச் செய்தார். இளஞ்சூட்டில் தேங்காயெண்ணெய் தடவி, ஓரத்திலிருந்து நகத்தால் நிமிண்டி, சீல் உடையாமல் வில்லையை எடுத்தார். பிடிபட்டவர்கள் ஆளாளுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை.

"ஏட்டி, இங்க வா. இத நெஞ்சுல ஒட்டிக்கோ."

"நா என்னத்துக்கு?"

"நீ வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டுத்தான இருக்க? அந்த நடை சும்மா வீணாத்தான போவுது. கணக்குல வரட்டும்."

"தப்பில்லையா? நீங்கதான ஊரு பூரா இதுக்கு ஃபைன் போட்டீக?"

"அது கரண்ட்டு. இது நம்ம வீட்டுக்குள்ளயே தான. பத்து நாளு. அதுக்குள்ள எனக்குத் தெம்பு வந்துரும்."

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். நாயும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை என்று அவளுக்கு முன்பே தெரியும். வில்லையை வாங்கிச் சேலை முந்தானைக்குள் ஒட்டிக்கொண்டு, அடுப்பில் எதையோ கிளறப் போனாள்.

நகல் முதல் நாள் கொஞ்சம் குழம்பியது. பிறகு, குணமாகும்போது இதயம் இப்படி மாறும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. அதற்கு எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் பெனிட்டாவே அழைத்தாள். "சார், பதினோராயிரத்து நானூறு ஸ்டெப்ஸ். என்ன சார் பண்ணீங்க?"

"சும்மா, வீட்டுக்குள்ளயே" என்றார் கோமதிநாயகம் நாற்காலியிலிருந்து.

மூன்று அறை வீட்டுக்குள் பதினோராயிரம். மருத்துவமனை அசந்துபோனது. அவர் படத்தை வரவேற்பறைத் திரையில் 'இந்த மாதத்தின் இதயம்' என்று போட்டார்கள். புதிதாக அறுவைக்கு வந்தவர்களுக்கு அவரை உதாரணம் காட்டினார்கள். இரண்டு பேர் தொலைபேசியில் யோசனை கேட்டார்கள். "மன உறுதிதான் முக்கியம்" என்று அவர் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சொன்னார். பத்து நாள் இருபது நாளானது.

ஆனால் நகல் பேசுவதுதான் வர வர நன்றாக இல்லை.

"இடுப்பு விட்டுப்போவுது" என்றது ஒரு காலை. "விடிஞ்சதுலருந்து உக்காரல."

கோமதிநாயகம் உட்கார்ந்தபடியே அதை முறைத்தார்.

"கால் ரெண்டும் வீங்கிருக்கு. வாரவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுக்கேன். எனக்கு ஒருத்தர் போட்டுக் குடுத்தா நல்லாருக்கும். கேக்கத்தான் ஒரு மாதிரியா இருக்கு."

"ஏட்டி, நா எப்ப காப்பி போட்டேன்?" என்று அவர் அடுக்களையைப் பார்த்துக் கேட்டார். "எம்பேரக் கெடுக்கான் இவன்."

"அவுக என்னமும் சொல்லிட்டுப் போறாக. நீங்க மாத்திரையப் போடுங்க" என்று தண்ணீரோடு வந்தாள் வடிவு. டேப்புக்குள் இருப்பவரை அவள் 'அவுக' என்று மரியாதையாகத்தான் சொன்னாள். கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாள் என்று அவருக்குப் பட்டது.

நகலின் படபடப்பு ஏறிக்கொண்டே போனதால் மருத்துவமனை மாத்திரையைக் கூட்டியது. கூட்டிய மாத்திரையைக் கோமதிநாயகம் விழுங்கினார். அவருக்கு இல்லாத படபடப்பு குறைந்து, பகலிலும் தூங்கினார். நகலுக்குக் குறையவில்லை. இன்னும் கூட்டினார்கள். வந்தவர்களிடம் பேச அவருக்குத் தெம்பு இல்லை; யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. புன்னைவனம் நேராக டேப்புக்கு எதிரே போய் உட்கார ஆரம்பித்திருந்தார்.

ஆறாம் வாரம், ஒரு நாள் காலை பதினொரு மணி. புன்னைவனம் ஆரஞ்சோடு இருந்தார். வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே டேப் கத்தியது; அதில் பெனிட்டாவின் முகம்.

"சார், இருக்க இடத்துலயே இருங்க. அசையாதீங்க. போட்ட குழாய்ல அடைப்பு மாதிரி தெரியுது. நகலுக்கு அட்டாக் வரப்போகுது. ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு."

"நா அசைஞ்சே ஒரு மாசம் ஆச்சும்மா."

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு நல்லாத்தான இருக்கு. ரீடிங்கு தப்பு."

"நகல் அப்படிச் சொல்லலையே. இடது தாடை வலி, முதுகு வலி, மூச்சு முட்டல், குளிர்ந்த வேர்வை. ஒரு வாரமா கூடிக்கிட்டே வருது. வைங்க சார், டாக்டரைக் கூப்பிடணும்."

"நா சொன்னேம்லா மாப்ள, வீரவநல்லூர்க்காரர்..." என்று புன்னைவனம் ஆரம்பித்தார்.

"செத்த நேரம் சும்மா இருங்க மச்சான்."

கோமதிநாயகம் ரீடிங் தப்பு என்று நிரூபிக்கத்தான் யோசித்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களிடம் அவர் சொல்வது உண்டு: ரீடிங்கில் சந்தேகம் வந்தால் மீட்டரைத் தட்டிப் பார்க்காதே, வயர் எங்கே போகிறது என்று பார். இதில் வயர் இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் கண் அதைத் தேடிக்கொண்டு போனது. டேப்பிலிருந்து கிளம்பி, டீப்பாயில் ஏறி, புன்னைவனத்தின் ஆரஞ்சுத் தோலைத் தாண்டி, அடுக்களை வாசலில் போய் நின்றது.

அங்கே வடிவு ஒரு கையில் அண்ணனுக்கான காப்பி டம்ளரோடு நின்றிருந்தாள். இன்னொரு கை தாடையைப் பிடித்திருந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே நின்றும் நெற்றி வேர்த்திருந்தது.

"ஏட்டி, ஒனக்குத் தாடை வலிக்கா?"

"அது வாயு. ஓமத்தண்ணி குடிச்சிருக்கேன்."

"எத்தன நாளா?"

"இப்ப என்னத்துக்கு அது? ஒண்ணும் இல்ல. காப்பி ஆறுது."

டேப் குறுக்கே பேசியது. கோமதிநாயகத்தின் குரல்தான், ஆனால் அவரே கேட்டிராத ஒரு சோர்வோடு. "எட்டு நாளா வலிக்கு. முதுகுல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. இப்ப கண்ண இருட்டுது. ஒருத்தரும் கேக்கல."

வடிவு டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, வைக்காமலே தரையில் உட்கார்ந்தாள். காப்பி சிந்தவில்லை.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி, கேட்டைத் திறக்கத் தெரியாமல் ஆட்டினார்கள். அந்தக் கேட்டுக்கு ஒரு சூட்சுமம் உண்டு, தூக்கித் தள்ள வேண்டும். கோமதிநாயகம் கையை ஊன்றாமல், சொல்லிக்கொடுத்தபடி முன்னும் பின்னும் ஆடி எழுந்து, கேட் வரைக்கும் போய், காலால் நெம்பித் திறந்துவிட்டார்.

"கோமதிநாயகம் யாரு சார்?"

"நான்தான். ஏத்த வேண்டியது என்னைய இல்ல, உள்ள ஒருத்தி உக்காந்திருக்கா, அவள."

"சிலிப்புல உங்க பேருதான் இருக்கு."

"சிலிப்பு தப்பு. இது திருட்டு லைன்" என்றார் கோமதிநாயகம். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் எட்டு வருஷத்துக்கு முன்னால் இவரே கொக்கியை அறுத்து, அதே நாலு பேர் முன்னால் கையெழுத்து வாங்கியிருந்தார். "எம் மீட்டர நான்தான் அவ மேல மாட்டினேன். வலி அவளுக்கு. எழுதிக்கோங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். மொதல்ல தூக்குங்கய்யா."

"அடுப்புல ரசம் இருக்கு" என்று வடிவு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு சொன்னாள். "அவுகளுக்குள்ளது உப்புப் போடாதது. இடது பக்கம்."

கோமதிநாயகம் கேட் வரைக்கும் நடந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. பதிவு செய்ய நெஞ்சில் வில்லையும் இல்லை.

வடிவுக்கு மூன்று அடைப்பு. அதே மருத்துவர், அதே மேசை, அதே பச்சைத் துணி. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெனிட்டா நிறுத்தவில்லை.

"உங்க படம் இன்னும் கீழ ஓடிட்டிருக்கு சார். இந்த மாதத்தின் இதயம்னு."

"பேர மட்டும் மாத்திருங்கம்மா. மிச்சமெல்லாம் சரிதான்."

புன்னைவனம் மட்டும் கொஞ்சம் வாட்டமாக இருந்தார். யாரும் சாகாத கதையை எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

நகல் போடாமல் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்பதால், வடிவுக்கும் மயக்கம் தெளிந்தபின் பதிவுக்கு வந்தார்கள். உடம்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அதிலும் நாலு நிமிஷம், பெனிட்டா சாப்பிட்டாளா, ஏன் இப்படி இளைத்திருக்கிறாள் என்ற விசாரணை.

வில்லை ஒட்டினார்கள். டேப்பில் வடிவு வந்தாள். பக்கத்தில் எண்களெல்லாம் சிவப்பாக இருந்தன. டேப் வாயைத் திறந்தது.

"நல்லாருக்கேன். ஒண்ணும் இல்ல. அவுக சாப்ட்டாகளா?"

மறுபடி போட்டார்கள். மறுபடி நல்லாருக்கேன். நிறுவனத்திலிருந்து ஒரு என்ஜினீயர் வந்து பிரித்துப் போட்டுப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை என்றார்.

"நகல் பொய் சொல்லாதுன்னு சொன்னியேம்மா?" என்றார் கோமதிநாயகம்.

பெனிட்டா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆள் எப்படிச் சொல்லுவாங்களோ அப்படித்தான சார் அது சொல்லும். அம்மாவோட குணம் சரியாத்தான் பிடிபட்டிருக்கு. அதான் பிரச்சினையே. இந்த மாதிரி நூறு அம்மாங்க நகல் எங்ககிட்ட ஓடிட்டிருக்கு. எல்லாம் நல்லாருக்கேன்னு சொல்லுது, அதனால பச்சை."

பெனிட்டா கைபேசியை எடுத்துத் தன் அம்மாவின் எண்ணைத் தேடி, பிறகு வைத்தாள்.

"என் பழைய நகல அழிச்சாச்சா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"இருக்கு சார்."

"இவ துடிப்ப அதுக்குள்ள விடு. அவந்தான் ஒழுங்கா சொன்னான்."

"ரூல்ல இடமில்ல சார். ஒருத்தர் ரீடிங்கை இன்னொருத்தர் கணக்குல..."

"கொக்கி போடும்மா" என்றார் முன்னாள் மீட்டர் சோதனை அதிகாரி. "எப்படிப் போடணும்னு நா சொல்லித்தாரேன்."

ஒன்பதாம் நாள் வடிவு வீட்டுக்கு வந்தாள். அதே நாற்காலியில், அதே குட்டித் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த இரண்டாம் நிமிஷம் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஏட்டி, இரு. வலிக்கா?"

"இல்லங்க. ஒண்ணும் இல்ல."

டீப்பாயில் இருந்த டேப், கோமதிநாயகத்தின் குரலில், நான்கு மணி நேரப் பயிற்சி பெற்ற அங்கலாய்ப்போடு சொன்னது. "வலி உயிர் போவுது. இருமப் பயமா இருக்கு. சூடா ஒரு காப்பி கெடச்சா நல்லாருக்கும்."

"வாரேன்" என்று கோமதிநாயகம் எழுந்தார். தன் குரலுக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அங்கே அவர் மீட்டர் பார்க்க மட்டும்தான் முன்பு போயிருக்கிறார். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. எதுவோ உருண்டது. பால் பொங்கும் வாசம் வந்து, தீயும் வாசமாக மாறியது.

"ஏட்டி, சீனி எங்க இருக்கு?"

வடிவு வாயைத் திறப்பதற்குள் டேப் முந்திக்கொண்டது. "எந்திரிச்சுப் போயி எடுத்துக் குடுத்துருவோமான்னு இருக்கு. முடியல."

வடிவு தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, டேப் பக்கமாகக் குனிந்தாள்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மெதுவாக. "அவுகளே தேடட்டும்."